ஜாடில தண்ணி நிறைய இருந்தும் ரோஜா ஏன் தலை தொங்குது? ஆஸ்பிரின், சர்க்கரை, காசு இதெல்லாம் வேலை செய்யுமா?

கேள்விய நான் புரிஞ்சிக்கிட்டது இதுதான். கல்யாண நாளுக்கு ஒரு பொக்கே வந்திருக்கு, சிவப்பு ரோஜா, நடுவுல ஜெர்பரா, ஓரத்துல கொஞ்சம் கார்னேஷன். அதப் பிரிச்சு கண்ணாடி ஜாடில தண்ணி ஊத்தி ஹால்ல வெச்சிருக்கீங்க. மூணாம் நாள் காலைல பாத்தா ரோஜா எல்லாம் கழுத்து மடங்கி தொங்குது, ஆனா இதழ் நிறம் மாறல, உதிரல, ஜாடில தண்ணியும் பாதிக்கு மேல இருக்கு. அம்மா ஆஸ்பிரின் போடச் சொல்றாங்க, பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைன்னு சொல்றாங்க, யூடியூப்ல ஒருத்தர் காசு போடுன்னு சொல்றார், எத நம்புறதுன்னு கேட்டிருக்கீங்க. கூடவே மல்லிப்பூவ ரெண்டு நாள் வெக்க வழி இருக்கான்னும் கேட்டிருக்கீங்க. தண்ணில என்ன போடலாம்ங்கறதுக்கு முன்னாடி, தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு பூ ஏன் தாகத்துல சாகுதுன்னு பாத்துடணும். அது புரிஞ்சா மத்ததுல பாதிக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

என்னப் பத்தி சுருக்கமா: தோட்டக்கலை படிச்சேன், ஓசூர் பக்கம் ஒரு பாலிஹவுஸ் (பாலித்தீன் கூரை போட்ட குடில்) ரோஜாப் பண்ணைல பேக்ஹவுஸ் பொறுப்புல பல வருஷம் இருந்தேன். வெட்டுன பூவ தரம் பிரிக்கறது, பக்கெட்ல நிக்க வெக்கறது, கோல்டு ரூம், பேக்கிங், ‘உங்க பூ ரெண்டே நாள்ல வாடிருச்சு’ன்னு கடைக்காரங்க போன்ல திட்டறது, எல்லாம் பாத்தாச்சு. அதனால ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் மாதிரி காம்போட விக்கற பூவப் பத்தி தைரியமா பேசுவேன். மல்லி, முல்லை மாதிரி உதிரிப்பூ என் தொழில் இல்ல, அதுல படிச்சதும் மதுரை வியாபாரிங்க சொல்லிக் கேட்டதும்தான், அந்த இடம் வரும்போது அப்படியே எடுத்துக்குங்க.

ரோஜாக் காம்புக்குள்ள மெல்லிசா நெறைய குழாய் இருக்கு. செடில இருக்கும்போது வேர்ல இருந்து தண்ணி இந்த வழியாத்தான் மேல ஏறும், வெட்டினதுக்கு அப்புறமும் அதே வழிதான், ஸ்ட்ரா வெச்சு ஜூஸ் உறிஞ்சற மாதிரி இலையும் இதழும் மேல இருந்து இழுக்கும். வெட்டின நிமிஷமே வெட்டுவாய் வழியா காத்து உள்ள போயிடும், அந்த காத்துக் குமிழி குழாய அடைச்சுக்கும். இது முதல் அடைப்பு. ரெண்டாவது, அதவிட மோசமானது, பாக்டீரியா. ஜாடித் தண்ணில, கழுவாத ஜாடி சுவத்துல, தண்ணிக்குள்ள மூழ்கி அழுகற இலைல, எல்லாத்துலயும் அது பெருகும், பெருகி வெட்டுவாயில ஒரு வழவழப்பா படிஞ்சு குழாய அடைச்சிடும். காம்ப எடுத்து அடி நுனிய விரலால தடவிப் பாருங்க, வழுக்கினா அதுதான். மேல ஃபேன் காத்துல இலை வழியா தண்ணி போய்க்கிட்டே இருக்கு, கீழ இருந்து வரவு நின்னு போச்சு, இப்ப முதல்ல மடங்கறது காம்புலயே இளசான இடம், அதாவது பூவுக்குக் கீழ இருக்கற கழுத்து. பூ வயசாகி செத்துட்டா இதழ் நீலம் பாயும், உதிரும். உங்க பூ நிறம் மாறாம தலைய மட்டும் தொங்கப் போட்டிருக்குன்னா அது வயசாகல, தண்ணி போகல, அவ்ளோதான். இத நான் சந்தேகமே இல்லாம சொல்றேன், ஏன்னா வீட்டு ஜாடில ரோஜா சாகறதுக்கு பெரும்பாலும் இது ஒண்ணுதான் காரணம்.

அதனால பொக்கே கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலை தண்ணில எதையாச்சும் கலக்கறது இல்ல, கழுவறதும் வெட்டறதும். ஜாடிய பாத்திரம் கழுவற சோப்பு போட்டு, உள்ள பிரஷ் விட்டு, நீங்களே தண்ணி குடிக்கற அளவுக்கு சுத்தமா கழுவுங்க. பொக்கேவ சுத்தின பிளாஸ்டிக், ரப்பர் பேண்ட், மொட்டு மேல மாட்டின வலை எல்லாத்தையும் எடுத்துடுங்க. தண்ணி மட்டத்துக்குக் கீழ ஒரு இலை கூட இருக்கக் கூடாது, மேல இருக்கற இலைல ரெண்டு மூணு செட்டு மட்டும் விட்டா போதும். முள்ள உரிச்சு எடுக்காதீங்க, தோல் கிழிஞ்ச ஒவ்வொரு இடமும் பாக்டீரியாவுக்கு வாசல். அப்புறம் ஒரு அகலமான பாத்திரத்துல தண்ணி ஊத்தி, காம்போட அடிய தண்ணிக்குள்ளயே வெச்சு ரெண்டு மூணு சென்டிமீட்டர் வெட்டுங்க, வெட்டினத உடனே ஜாடிக்கு மாத்துங்க. தண்ணிக்குள்ள வெட்டினா காத்துக்குப் பதிலா தண்ணி உள்ள போகும். நல்ல கூரான கத்தி இல்லன்னா பிளேடு, மொண்ணைக் கத்திரிக்கோல் காம்ப நசுக்கிடும். சாய்வா வெட்டினா தண்ணி அதிகமா ஏறும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதுல பாதிதான் உண்மை. குழாயோட எண்ணிக்கை எப்படி வெட்டினாலும் அதேதான், சாய்வா வெட்டறதோட லாபம் காம்போட அடி ஜாடித் தரையில தட்டையா ஒட்டிக்காம இருக்கறதுதான். காம்போட அடிய சுத்தியால தட்டி நாராக்கறது சில வீட்ல பழக்கம், அத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, குழாயும் நசுங்கும், அழுகறதுக்கு இடமும் கூடும்.

இதுக்கு அடுத்து முக்கியம் சூடு, நம்ம ஊருல இதப் பேசாம இந்தக் கேள்விக்கு பதிலே கிடையாது. வெட்டின பூவும் மூச்சு விடும், உள்ள இருக்கற சர்க்கரைய எரிக்கும், வெப்பம் 10 டிகிரி ஏறினா அந்த வேகம் ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆகும். பூவோட ஆயுள் இத்தன நாள்னு கம்பெனிக்காரங்க எழுதறது எல்லாம் 20 டிகிரி அறைல சோதிச்சது. சென்னைல மே மாசம் ஹால் 33 டிகிரில இருக்கு, லண்டன்லயோ டொரன்டோவுலயோ இருக்கற உங்க சித்தி வீட்ல பத்து நாள் நிக்கற பூ இங்க அஞ்சு நாள் நின்னாலே நல்ல பூ. அதனால இடம் பாத்து வைங்க. ஃபேனுக்கு நேர் கீழ கூடாது, ஏசி காத்து மேல படற இடம் கூடாது, டிவி பக்கம், ஜன்னல் வெயில், ஃபிரிட்ஜ் மேல, எதுவும் கூடாது. சாப்பாட்டு மேஜைல அழகுக்கு வெச்சு, ராத்திரி படுக்கப் போகும்போது வீட்லயே குளுமையான மூலைக்கு ஜாடிய நகத்தறது சின்ன வேலைதான், ஆனா பலன் கண்ணுக்குத் தெரியும்.

உங்க கைக்கு வரதுக்கு முன்னாடி பூவுக்கு ஒரு கதை இருக்கு, அதையும் கணக்குல எடுக்கணும். கடைல பாக்கற அந்த நீளக் காம்பு சிவப்பு ரோஜா அநேகமா தாஜ்மஹால் ரகம், ஓசூர் பெங்களூர் பக்கத்துப் பாலிஹவுஸ்ல வெட்டினது. வெட்டினதும் பக்கெட் தண்ணில நிக்க வெச்சு, கோல்டு ரூம்ல 2ல இருந்து 4 டிகிரில குளுமை பண்ணி, இருபது இருபதா பஞ்ச் கட்டி அட்டைப்பெட்டில வண்டி ஏறும். பெட்டிக்குள்ள தண்ணி கிடையாது. கோயம்பேட்டுக்கோ உங்க ஊர் கடைக்கோ வந்து சேரும்போது ரெண்டு மூணு நாள் ஆகியிருக்கும், கடை பக்கெட்ல இன்னொரு நாள். பிப்ரவரி 14 சமயத்துல நெறைய பூ விலைக்காக கோல்டு ரூம்ல கூடுதலா காத்துக்கிட்டு இருந்திருக்கும், அந்த வாரம் வாங்கற ரோஜா சீக்கிரம் போனா ஆச்சரியப்படாதீங்க. வாங்கும்போது மொட்டோட அடிப்பாகத்த ரெண்டு விரலால மெதுவா அழுத்துங்க, கெட்டியா இருந்தா புதுசு, மெத்துமெத்துன்னா பழசு. வெளி இதழ் ரெண்டு கொஞ்சம் பச்சையா, கறுப்பா, அசிங்கமா இருந்தா பயப்படாதீங்க, அது உள்ள இருக்கறதக் காப்பாத்தற இதழ், வீட்டுக்கு வந்து கிள்ளிப் போட்டுடலாம். கடைக்காரர் எல்லா வெளி இதழையும் உரிச்சு மொழுமொழுன்னு வெச்சிருந்தாத்தான் யோசிக்கணும்.

சரி, தண்ணில என்ன போடறது. பொக்கேவோட சில சமயம் வர அந்த சின்ன பாக்கெட்ல மூணு சமாச்சாரம் இருக்கும்: கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புளிப்பு, பாக்டீரியாவ அடக்க ஒரு மருந்து. மூணும் சேர்ந்தாத்தான் வேலை. சர்க்கரை பூவுக்கு சாப்பாடு, அதே சர்க்கரை பாக்டீரியாவுக்கும் சாப்பாடு. அதனால வெறும் சர்க்கரை போட்ட ஜாடி வெறும் தண்ணி ஜாடிய விட சீக்கிரம் நாறும், அக்கா சொன்னது பாதிதான் சரி. புளிப்பு எதுக்குன்னா, தண்ணி 4 பி.எச் (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) பக்கம் புளிச்சு இருந்தா காம்புல சுலபமா ஏறும், கிருமியும் மெதுவா வளரும். வீட்ல பண்றதுன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு சர்க்கரை ரெண்டு டீஸ்பூன், அதாவது 10 கிராம் சுமார், வடிகட்டின எலுமிச்சைச் சாறு ஒண்ணுல இருந்து ரெண்டு டீஸ்பூன், வாசனை சேக்காத சாதாரண லிக்விட் ப்ளீச் கால் டீஸ்பூன். எலுமிச்சைச் சாறுல சுமார் 5 சதவீதம் சிட்ரிக் ஆசிட், ஒரு டீஸ்பூன் போட்டா லிட்டருக்கு கால் கிராம் வரும், அதுதான் பெரும்பாலான ஃபார்முலால இருக்கற அளவும். போர் தண்ணில உப்பும் காரமும் ஜாஸ்தி, அது புளிப்ப விழுங்கிடும், அப்ப ரெண்டு டீஸ்பூன்னு வைங்க. சந்தேகம்னா மீன் தொட்டி விக்கற கடைல பி.எச் பட்டை கெடைக்கும், நனைச்சுப் பாத்துக்கலாம். வடிகட்டறது முக்கியம், சக்கை போனா அதுவே குழாய அடைக்கும்.

ப்ளீச் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. முதல்ல தண்ணி, அப்புறம் சர்க்கரையும் எலுமிச்சையும், கடைசியா ப்ளீச், இந்த வரிசைலதான். ப்ளீச்சையும் புளிப்பையும் தண்ணி இல்லாம நேரடியா கலந்தா குளோரின் கேஸ் வரும், மூச்சு முட்டும். டாய்லெட் கழுவற நீல பாட்டில் வேற சாமான், அதுல பெரும்பாலும் இருக்கறது ஆசிட், அத இதோட கிட்டயே கொண்டு வராதீங்க. ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம், அதுல சுண்ணாம்பு இருக்கறதால தண்ணி காரமாகும், அடில படியும். ப்ளீச்சே கைல தொடப் பிடிக்கலன்னா பரவால்ல, சர்க்கரையும் போடாதீங்க, வெறும் நல்ல தண்ணிய தினமும் மாத்தி, மாத்தும்போதெல்லாம் அடிய ஒரு சென்டிமீட்டர் வெட்டி விடுங்க. என் கணக்குல இதுவே கலவையோட பலன்ல முக்கால்வாசிய குடுத்துடும். கலவை போட்டவங்களும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா புதுசா மாத்தணும், நம்ம சூட்டுல குளோரின் அதுக்கு மேல தாங்காது. இன்னொண்ணு, பித்தளை ஜாடி, செம்பு சொம்புல இந்தப் புளிப்புக் கலவைய ஊத்தாதீங்க, உலோகம் கரையும், கண்ணாடியோ பீங்கானோ போதும்.

இப்ப அம்மாவோட ஆஸ்பிரின். அது சாலிசிலிக் ஆசிட் வகை, தண்ணிய லேசா புளிக்க வெக்கும்ங்கறது உண்மை. ஆனா ஒரு மாத்திரைல இருக்கற புளிப்பு போர் தண்ணிக்கு எந்த மூலைக்கு, அதுலயும் தண்ணில போட்டதும் நுரைச்சு கரையற மாத்திரைன்னா கூடவே கார்பனேட் சேத்திருப்பாங்க, அது இருக்கற புளிப்பையும் அடிச்சிடும். இத வெச்சுப் பண்ணின சோதனைங்களும் ஒரே மாதிரி முடிவு சொல்லல, சிலதுல ஒரு நாள் கூடுதல், சிலதுல ஒண்ணுமே இல்ல. கெடுதல் கிடையாது, ஆனா நான் செலவு பண்ண மாட்டேன். காசு போடறது வெள்ளைக்காரங்க ஊர் செம்புக் காசுக்கு வந்த பழக்கம், செம்புக்கு கிருமிய அடக்கற குணம் உண்டு, ஆனா காசுல இருந்து தண்ணில கரையறது ரொம்பக் கம்மி. நம்ம ஒரு ரூபா ரெண்டு ரூபா இப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அத ஜாடில போட்டா ஜாடில காசு இருக்கும், அவ்ளோதான். லெமன் கூல்ட்ரிங்க்ஸ்ல சர்க்கரையும் சிட்ரிக் ஆசிடும் ஏற்கனவே இருக்கறதால ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி கலந்து நாலஞ்சு சொட்டு ப்ளீச் விட்டா நெஜமாவே வேலை செய்யும், டயட் வகை வேண்டாம், அதுல சர்க்கரை இல்ல. வோட்கா ஊத்தற வீடியோவும் சுத்துது, சாராயம் கார்னேஷன் சீக்கிரம் மூப்படையறதத் தள்ளிப் போடும்னு ஆராய்ச்சி இருக்கு, ஆனா ரோஜா ஜாடிக்காக டாஸ்மாக் வாசல்ல நிக்கற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. மஞ்சள் தூள் தண்ணில கரையாது, அடில படிஞ்சு கலங்கிக் கெடக்கும். இளநீர்ல சர்க்கரை உண்டு, மருந்து இல்ல, மறுநாளே புளிச்சு நாறும். உப்பு போடறது நேரடியா கெடுதல்.

தண்ணியப் பத்தி யாரும் பேசாத ஒண்ணு இருக்கு, ஜெர்பரா வாங்கறவங்களுக்கு இது முக்கியம். ஜெர்பரா, கிளாடியோலஸ் ரெண்டுக்கும் ஃபுளோரைடு ஆகாது, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே இதழ் ஓரம் கருகும், காம்பு சோரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நெலத்தடி தண்ணில ஃபுளோரைடு எவ்ளோன்னு அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே பெரும்பாலும் அதுக்காக வந்ததுதான். குடிதண்ணிக்கு நம்ம நாட்டு விதி 1 மில்லிகிராம் வரை நல்லது, வேற வழி இல்லன்னா 1.5 வரை பரவால்லன்னு சொல்லுது, அதாவது நாம குடிக்கற தண்ணியே ஜெர்பராவுக்கு விஷமா இருக்கலாம். உங்க வீட்ல ஆர்.ஓ இருந்தா அந்தத் தண்ணிய பூவுக்கு ஊத்துங்க, மழைத் தண்ணி பிடிச்சு வெச்சிருந்தா அதவிட நல்லது. அபார்ட்மெண்ட்ல சாஃப்ட்னர் போட்ட குழாய்த் தண்ணி மட்டும் வேண்டாம், அதுல சுண்ணாம்புக்குப் பதிலா சோடியம் ஏறியிருக்கும், ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் சோடியம் பிடிக்காது.

கார்னேஷன் கதை தனி. அது தண்ணி இல்லாம சாகறது கம்மி, எத்திலீன் வாயுலதான் சாகும். வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள் எல்லாம் பழுக்கும்போது விடற வாயு அது, புகைலயும் இருக்கு. 1900கள்ல சிகாகோல கண்ணாடி வீட்டுக்குள்ள வெச்ச கார்னேஷன் எல்லாம் திடீர்னு இதழ் சுருண்டு தூங்கிப் போறது வியாபாரிங்களுக்கு பெரிய நஷ்டமா இருந்தது, க்ராக்கர், நைட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1908ல விளக்குக்கு வந்த கேஸ் குழாய் கசிவுல இருக்கற எத்திலீன்தான் காரணம்னு காட்டினாங்க, காத்துல ரொம்ப ரொம்ப நுணுக்கமான அளவே போதும். நம்ம வீட்ல இதுக்கு சரியான இடம் எதுன்னா பூஜை அறை: ஒரு தட்டுல பழுத்த வாழைப்பழம், ஊதுபத்தி, சாம்பிராணி, கதவும் சாத்தியிருக்கும், அதுக்கு நடுவுல பூ. சாமிக்கு வெக்கறத வெக்கத்தான் போறோம், ஜாடிப் பூவ மட்டும் வேற ரூம்ல வைங்க. டைனிங் டேபிள்ல பழக்கூடையும் பூ ஜாடியும் ஜோடியா வெக்கறதும் அதே தப்பு. வாடின பூவ ஜாடில விட்டு வெக்காதீங்க, அதுவும் எத்திலீன் விடும். பண்ணைல இதுக்கு சில்வர் தயோசல்ஃபேட்னு ஒரு வெள்ளி மருந்துல முக்குவாங்க, இல்லன்னா 1-எம்சிபி வாயு பிடிப்பாங்க, அது அமெரிக்கால நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் கண்டுபிடிச்சது, 1996ல காப்புரிமை. ரெண்டும் வீட்டுச் சமாச்சாரம் இல்ல, வெள்ளிக் கரைசல சிங்க்ல ஊத்தவே கூடாது.

ரோஜாவுக்கு சொன்னத அப்படியே எல்லாப் பூவுக்கும் பண்ணாதீங்க. ஜெர்பரா காம்பு மெத்துன்னு முடி முடியா இருக்கும், தண்ணில ஆழமா முக்கினா அழுகும், ஜாடில நாலு விரக்கடை தண்ணி போதும், அடில இருக்கற கெட்டியான கட்டைப் பகுதிய வெட்டி எறிஞ்சிடணும், அது வழியா தண்ணி ஏறாது. சர்க்கரைய விட அதுக்கு சுத்தமான தண்ணிதான் வேணும், ரெண்டு சொட்டு ப்ளீச் கூட. ஒரே ஜாடில ரோஜாவும் ஜெர்பராவும் இருந்தா ஜெர்பரா சொல்றபடி நடக்கறது நல்லது, இல்லன்னா ரெண்டு ஜாடியா பிரிச்சிடுங்க. சம்பங்கித் தண்டுல கீழ இருந்து மேல மலரும், அங்க சர்க்கரை நல்லா பேசும், லிட்டருக்கு 20 கிராம் வரைக்கும் போலாம், இல்லன்னா மேல இருக்கற மொட்டு மலராமலே காயும், கீழ வாடினத தினமும் கிள்ளிடணும். காம்போட விக்கற செவ்வந்திதான் இதுல கல்லு மாதிரி, பூ நல்லா இருக்கும்போதே இலை மஞ்சளாகும், இலைய எடுத்துட்டு ஓட்டலாம். தாய்லாந்துல இருந்து வர ஊதா ஆர்க்கிட் நம்ம சூட்டுலயும் பத்து நாள் தாண்டும், அதையும் அந்தூரியத்தையும் ஃபிரிட்ஜ்ல மட்டும் வெச்சுடாதீங்க, வெப்ப நாட்டுப் பூ, 10 டிகிரிக்குக் கீழ போனா கறுத்துடும். தாமரை வெட்டினா சீக்கிரம் இதழ் கறுக்கும், அதுக்கு வீட்ல பெருசா வழி இல்ல, மொட்டா வாங்கி அன்னிக்கே வெக்க வேண்டியதுதான். செம்பருத்தி காலைல விரிஞ்சு சாயங்காலம் மூடற பூ, தண்ணில வெச்சாலும் வெக்காட்டியும் அதே ஒரு நாள்தான், எந்த மருந்தும் அத மாத்தாது. வீட்டுத் தோட்டத்து பன்னீர் ரோஜாவும் இந்த வகைதான், வாசனைக்காக வளத்த ரகம், ஜாடிக்காக வளத்தது இல்ல. இருந்தாலும் வெட்டணும்னா விடியக்காலைல, பக்கெட் தண்ணிய கைலயே எடுத்துக்கிட்டு போய் மொட்டு லேசா பிரியும்போது வெட்டுங்க, மத்தியானம் வெட்டற பூ வெட்டும்போதே பாதி வாடினது.

மல்லி. முதல்ல தெளிவா ஒண்ணு, மல்லிக்கு தண்ணில நிக்க வெக்கற மாதிரி நீளக் காம்பு இல்ல, அதனால இதுவரை சொன்ன தண்ணி, ப்ளீச், வெட்டறது எதுவும் அதுக்குப் பொருந்தாது. விடியறதுக்கு முன்னாடியோ காலைலயோ மொட்டா பறிக்கறாங்க, சாயங்காலம் விரியும், விரிஞ்சப்புறம்தான் அந்த மணம், மறுநாள் பழுப்பு. ஆக நாம பண்ண முடிஞ்சது விரியறதத் தள்ளிப் போடறது ஒண்ணுதான், அதுக்கு குளுமையும் ஈரப்பதமும் வேணும், நேரடித் தண்ணி ஆகாது. மதுரைல இருந்து வெளியூருக்கும் சிங்கப்பூருக்கும் போற மல்லி தெர்மாகோல் பெட்டில ஐஸ் வெச்சு மொட்டாத்தான் போகுது. வீட்ல செய்யறதுன்னா விரியாத மொட்டா வாங்குங்க, கட்டின சரமா இருந்தாலும் சரி, வாழை இலைல தளர்வா சுத்தி, பிழிஞ்சு விட்ட ஈரத் துணி விரிச்ச எவர்சில்வர் டப்பால வெச்சு மூடி ஃபிரிட்ஜோட கீழ்த்தட்டுல வைங்க. தண்ணி தெளிச்சு வெக்கறதுதான் எல்லாரும் செய்யறது, துளி நின்ன இடம் எல்லாம் பழுப்பு விழும். டப்பாவ மூடாம வெச்சா இப்ப வர ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் காத்து காய வெச்சிடும், பக்கத்துல ஆப்பிள், மாம்பழம் வேண்டாம். ரெண்டு நாள் தாங்கும், மூணாம் நாளும் வெள்ளையா இருக்கலாம், ஆனா மணம் குறைஞ்சிருக்கும், அத மறைக்க வழி இல்ல. ஜாதிமல்லியும் முல்லையும் இதவிட மெல்லிசு, ஒரு நாளோட நிறுத்திக்குங்க. கனகாம்பரம் கவலையே இல்ல, அது தானா நிக்கும். ரோஜாவ ராத்திரி ஃபிரிட்ஜ்ல வெக்கறதும் தப்பில்ல, நியூஸ்பேப்பர்ல சுத்தி, அடி தண்ணில இருக்கற மாதிரி, பழம் இல்லாத தட்டுல.

இப்ப தொங்கிக்கிட்டு இருக்கற உங்க ரோஜாவுக்கு. நிறம் மாறலன்னு சொன்னீங்க, அதனால முயற்சி பண்ணலாம். அடிய தண்ணிக்குள்ள வெச்சு இந்தத் தடவ அஞ்சு சென்டிமீட்டர் தாராளமா வெட்டுங்க, அடைப்பு நுனில மட்டும் இருக்காது, கொஞ்சம் மேலயும் ஏறியிருக்கும். பூவ நேரா நிமித்தி, தலைல இருந்து காம்பு வரைக்கும் நியூஸ்பேப்பர்ல இறுக்கமா உருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஆழமான பக்கெட் தண்ணில கழுத்து வரைக்கும் நிக்க வெச்சு இருட்டான குளுமையான இடத்துல ராத்திரி முழுக்க விடுங்க. பேப்பர் நனையட்டும், பூவோட இதழ் மட்டும் தண்ணில முங்க வேண்டாம். வெந்நியா பச்சத் தண்ணியான்னு இதுல சண்டை உண்டு, கை தாங்கற இளஞ்சூட்டுத் தண்ணி சீக்கிரம் ஏறும்னு ஒரு கட்சி, குளுந்த தண்ணிதான் காத்துக் குமிழியக் கரைக்கும்னு இன்னொரு கட்சி, ரெண்டுக்கும் ஆதாரம் காட்டுவாங்க, பேக்ஹவுஸ்ல நாங்க சாதாரணத் தண்ணிலதான் வெச்சோம். தொங்கி ஒரு நாளுக்குள்ளன்னா பெரும்பாலும் எழும்பும், ரெண்டு நாள் ஆயிட்டா கழுத்து மடிஞ்ச இடம் செத்திருக்கும், காலைலயும் நிமிரலன்னா காம்ப கழுத்துக்குக் கீழ வெட்டி பூவ மட்டும் உருளித் தண்ணில மிதக்க விடுங்க, இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்.

அடுத்த தடவ பொக்கேல லில்லி வந்து, வீட்ல பூனையும் இருந்தா அந்த லில்லிய வீட்டுக்குள்ளயே வெக்காதீங்க. இலை, இதழ், மகரந்தத் தூள், ஜாடித் தண்ணி எது வயித்துக்குள்ள போனாலும் பூனைக்கு கிட்னி போயிடும், மகரந்தத்த நறுக்கி எடுத்துட்டா மட்டும் போதாது. நக்கிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.